கார்வரின் 17 கதைகள்: எடிட்டரின் கத்தரி காப்பாற்றியதா, கெடுத்ததா?

இரவுப்பேருந்து
அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் "காதலைப் பற்றிப் பேசும்போது நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்" தொகுப்புக்குத் தனி இழை இல்லை என்பதால் தொடங்குகிறேன். 1981இல் வந்தது, 17 கதைகள், சின்னப் புத்தகம். மினிமலிசக் கதை, அதாவது குறைந்த சொல்லில் மீதியை மறைத்துச் சொல்லும் கதை என்றால் எல்லாரும் முதலில் கைகாட்டுவது இதைத்தான். என் கணக்கில் இதில் ஐந்தாறு கதைகள் முடியவே இல்லை, பாதியில் நிறுத்தப்பட்டிருக்கின்றன.

"குளியல்" கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் ஸ்காட்டியின் பிறந்தநாளுக்கு அம்மா பேக்கரியில் கேக் சொல்லிவைத்திருக்கிறாள். பிறந்தநாளன்று அவன் மேல் கார் மோதுகிறது. மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடக்கிறான். அப்பா குளிக்க வீட்டுக்கு வருகிறார், ஃபோன் அடிக்கிறது. பிறகு அம்மா வருகிறாள், மறுபடி ஃபோன். ஸ்காட்டி சம்பந்தமாகத்தான் என்கிறது குரல். அவ்வளவுதான், கதை முடிந்தது. பேசியது பேக்கரிக்காரரா, மருத்துவமனையா, பையன் பிழைத்தானா, எதற்கும் பதில் கிடையாது. இதைச் சிக்கனம் என்பதா, ஏமாற்று என்பதா?

நூலகத்தூண்
நல்ல கதையாகப் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள். அந்தக் கதையை கார்வர் அப்படி முடிக்கவில்லை.

கார்வர் கொடுத்த கையெழுத்துப் பிரதியில் அதன் தலைப்பு "சிறிய, நல்ல ஒரு விஷயம்". அதில் பையன் இறந்துவிடுகிறான். ஃபோன் செய்தது யார் என்று அம்மாவுக்கு உறைக்கிறது. யாரும் வாங்க வராத கேக்குக்காக பேக்கரிக்காரர்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். கணவனும் மனைவியும் நள்ளிரவில் கடைக்கே போய்ச் சண்டை போடுகிறார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் மேசையை ஒழித்து அவர்களை உட்கார வைக்கிறார். அடுப்பிலிருந்து இறக்கிய சூடான ரோல்களும் காபியும் தருகிறார். அம்மா ஆன் மூன்று ரோல் சாப்பிடுகிறாள். விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை வெட்டியவர் தொகுப்பின் எடிட்டர் கோர்டன் லிஷ். எஸ்குவயர் இதழில் புனைவு ஆசிரியராக இருந்தபோது 1971இல் கார்வரின் கதையை அங்கே வெளியிட்டவர், பிறகு இந்தப் புத்தகத்தைப் போட்ட க்னாஃப் பதிப்பகத்துக்குப் போனவர். "குளியல்" கதையில் மட்டும் 78 சதவீதம் போய்விட்டது. மொத்தத் தொகுப்பில் பாதிக்கு மேல் காணோம். லிஷ்ஷின் காகிதங்கள் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் இருக்கின்றன. பத்திரிகையாளர் டி. டி. மாக்ஸ் அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு 1998இல் நியூயார்க் டைம்ஸ் மாகசினில் எழுதிய பிறகுதான் இது ஊருக்கே தெரிந்தது. வெட்டுக்கு முந்தைய பிரதி "பிகினர்ஸ்" என்ற பெயரில் 2009இல் தனிப் புத்தகமாக வந்தது.

பொடிமாஸ்
அப்போ இத்தனை வருஷமா நாங்க படிச்சு உருகினது கார்வரையா லிஷ்ஷையா?? தலை சுத்துது.

கத்தரி
ரெண்டு பேரையும்தான். இதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை, எடிட்டர் இல்லாமல் புத்தகம் வருவதில்லை. வெட்டு மோசமா நல்லதா என்பதைக் கதை கதையாகத்தான் பார்க்க வேண்டும், "78 சதவீதம்" என்று பூச்சாண்டி காட்டக் கூடாது.

முதல் கதையிலிருந்தே வருகிறேன். "ஏன் ஆடக் கூடாது?" ஒரு ஆள் படுக்கையறையை அப்படியே வீட்டு முன்புறம் கொண்டுவந்து வைத்திருக்கிறான். கட்டில், இரண்டு பக்கமும் சிறு மேசை, விளக்கு, ஒன்று அவன் பக்கம், ஒன்று அவள் பக்கம். வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்து டிவி, ரெகார்ட் பிளேயர் எல்லாம் ஓடும்படி செய்திருக்கிறான். ஓர் இளம் ஜோடி வருகிறது. கட்டில் என்ன விலை? ஐம்பது டாலர். நாற்பதுக்குத் தருவீர்களா? நாற்பது சரி. டிவி? இருபத்தைந்து. பதினைந்து? பதினைந்தும் சரிதான்.

மனைவி போய்விட்டாள் என்று கதையில் ஒரு வரி கிடையாது. "அவள் பக்கம்" என்ற சொல்லும், விலையைக் கேட்டவுடன் விட்டுக்கொடுக்கிற வேகமும் மட்டும்தான். நாற்பதுக்கு நாற்பத்தைந்து என்று அவன் இழுத்திருந்தால் கதையே வேறு. இந்தக் கதையில் லிஷ் எடுத்தது 9 சதவீதம்தான். அதாவது கார்வர் சொந்தமாகவே இப்படி எழுதத் தெரிந்தவர். மினிமலிசம் முழுக்க லிஷ் பூசிய சாயம் என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கதைக்குப் பதில் சொல்ல வேண்டும். குழந்தையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் "பாப்புலர் மெக்கானிக்ஸ்" கதையிலும் தலைப்பைத் தவிர லிஷ் கிட்டத்தட்டக் கையே வைக்கவில்லை.

செவ்வந்தி
கத்தரி அண்ணே, குறைவாக வெட்டின கதைகளாகப் பார்த்து எடுத்தால் யாரும் ஜெயிக்கலாம். :) நான் மற்ற பக்கத்தைக் காட்டுகிறேன்.

"வீட்டருகே இவ்வளவு தண்ணீர்." நாலு ஆண்கள் மலைப்பக்கம் மீன் பிடிக்கப் போகிறார்கள். ஆற்றில் ஒரு பெண்ணின் பிணம். உடனே திரும்பாமல், பிணம் அடித்துக்கொண்டு போகாதபடி நைலான் கயிற்றால் மரத்தோடு கட்டிவைத்துவிட்டு, குடித்து, மீன் பிடித்து முடித்துவிட்டு வருகிறார்கள். கதை சொல்வது அவர்களில் ஒருவனின் மனைவி கிளேர். அவளுக்கு அதன் பிறகு புருஷனைப் பார்க்கவே முடியவில்லை.

நீண்ட வடிவத்தில் அவள் அவனை விட்டு விலகிக்கொண்டே போகிறாள், அவன் தொட வந்தால் தடுக்கிறாள். கடைசியில் அவள் வாயிலிருந்து வருவது, செத்தது ஒரு சிறுபெண்ணாயிற்றே என்பது. லிஷ் வடிவத்தில் அவளே சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறாள், தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்கிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது.

நீளத்தைக் குறைப்பதென்றால் அதே பெண் குறைந்த சொற்களில் அதே முடிவுக்கு வர வேண்டும். இங்கே எதிர்க்கிறவளை இணங்குகிறவளாக்கி வைத்திருக்கிறார். இது வெட்டில்லை, வேறு கதை. இன்னொன்று, நீண்ட வடிவம் 1977இலேயே "ஃபியூரியஸ் சீசன்ஸ்" தொகுப்பில் அச்சாகியிருந்தது. சரக்கு பழுக்கவில்லை, எடிட்டர் பழுக்க வைத்தார் என்ற கதையும் இங்கே ஓடாது.

"பெண்களிடம் சொல்லிவிடு, நாங்கள் போகிறோம்" இன்னும் மோசம். ஜெர்ரி, பில் என்று இரண்டு நண்பர்கள், கல்யாணமானவர்கள், சைக்கிளில் போகும் இரண்டு பெண்களைத் துரத்துகிறார்கள். மூலத்தில் அந்தத் துரத்தல் பக்கக்கணக்கில் நீள்கிறது, ஜெர்ரிக்குள் என்ன ஏறுகிறது என்று வாசகருக்குப் படிப்படியாகப் பயம் வரும். லிஷ் அதைத் தூக்கிவிட்டு, கல்லில் தொடங்கிக் கல்லில் முடிந்தது, இரண்டு பெண்களுக்கும் ஒரே கல் என்று கடைசிச் சில வரிகளில் போட்டுவிட்டார். நல்ல அதிர்ச்சிதான். ஆனால் "தந்திரம் வேண்டாம்" என்று அதே 1981இல் கட்டுரை எழுதிய கார்வரின் புத்தகத்தில் இதைவிடப் பெரிய தந்திரம் இல்லை.

இரவுப்பேருந்து
செவ்வந்தி அக்கா சொன்ன அந்தக் கல் முடிவு எனக்கும் உறுத்தியது, காரணம் இப்போதுதான் புரிகிறது. கார்வர் எப்படி இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார்?

நூலகத்தூண்
ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு ஒத்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம்கூட இல்லை.

1980 வசந்தத்தில் லிஷ் ஒரு சுற்றுத் திருத்தினார், அதை கார்வர் ஏற்றார். லிஷ் மறுபடி உட்கார்ந்து இன்னும் ஆழமாக இரண்டாம் சுற்று வெட்டினார். அதைப் பார்த்துவிட்டு 1980 ஜூலை 8 அன்று எழுதிய கடிதம் பிரபலம். புத்தகத்தை நிறுத்திவிடும்படி கெஞ்சுகிறார். குடியை விட்டது 1977 ஜூனில். இந்தக் கதைகள் தான் மீண்டு வந்ததோடு பிணைந்தவை, இப்படியே வந்தால் இனி ஒரு கதைகூட எழுத முடியாமல் போகலாம் என்கிறார். முழு வடிவங்களை நண்பர்கள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலையும் அதில் இருக்கிறது. 10ஆம் தேதிக் கடிதத்தில் சுருதி இறங்குகிறது. 14ஆம் தேதி புத்தகம் வருவதில் மகிழ்ச்சி என்கிறார். 1981 ஏப்ரலில் புத்தகம் கடைக்கு வந்துவிட்டது.

அடுத்த தொகுப்பான "கதீட்ரல்" (1983) சமயத்தில் பாடம் படித்திருந்தார். அந்த மாதிரி அறுவை இனி தாங்காது என்று முன்கூட்டியே எழுதிவிட்டார். அந்தத் தொகுப்பில் லிஷ் கை லேசாகத்தான் பட்டது. "சிறிய, நல்ல ஒரு விஷயம்" அதில்தான் நீண்ட வடிவில் திரும்பி வந்தது, சிறுகதைக்கான ஓ. ஹென்றி முதல் பரிசும் வாங்கியது.

கத்தரி
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள் சார். 1988 தொகுப்பை ஏன் விட்டுவிட்டீர்கள்? சாகும் வருஷம் கார்வர் தன் கையாலேயே தேர்ந்தெடுத்தது, பழையவை 30, புதியவை 7. அப்போது அவர் பெரிய எழுத்தாளர், லிஷ்ஷுக்கு எந்தக் கடமையும் இல்லை. "சிறிய, நல்ல ஒரு விஷயம்", "வீட்டருகே இவ்வளவு தண்ணீர்" இரண்டையும் நீண்ட வடிவில் வைத்தார், உண்மை. ஆனால் தலைப்புக் கதையை? லிஷ் வடிவத்திலேயே வைத்தார். "ஏன் ஆடக் கூடாது?", "இன்னும் ஒரே ஒரு விஷயம்" இரண்டும் லிஷ் வடிவம்தான். கதை கதையாகப் பார்த்து முடிவெடுத்தவர் கார்வரே.

நூலகத்தூண்
நியாயமான அடி. அதை மறுக்க முடியாது. ஒன்று மட்டும் சேர்க்கலாம்: அச்சில் ஏழு வருஷம் பெயர் வாங்கிவிட்ட கதையை மாற்றினால் பழைய விவகாரம் வெளியே வரும் என்ற தயக்கமும் எந்த எழுத்தாளருக்கும் இருக்கும். தேர்வு என்பது முழுக்க ரசனையால் மட்டும் நடப்பதில்லை.

நீலமை
இடையில் ஒரு துணுக்கு. 1973 இலையுதிர் காலத்தில் கார்வர் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பட்டறை ஆசிரியர், இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் ஜான் சீவரோடு சேர்ந்து குடித்ததுதான் அதிகம். அதே 1973இல் அசோகமித்திரன் அதே அயோவாவில் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தில் இருந்தார், "ஒற்றன்!" நாவல் அந்த வாசத்திலிருந்து வந்தது. நடுத்தர மனிதர்கள், பணத் தட்டுப்பாடு, குரல் உயர்த்தாத நடை... யோசித்துப் பாருங்கள்.

கத்தரி
யோசிக்க ஒன்றும் இல்லை நீலமை. அசோகமித்திரன் அதற்கு முன்பே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே ஊரில் ஒரே வருஷம் இருந்தால் செல்வாக்கு ஆகிவிடாது. அவர் குறைத்துச் சொல்வதில் ஒரு நகைச்சுவை இருக்கும், இந்தத் தொகுப்பில் அது லிஷ் கத்தரிக்கே முதலில் பலியானது.

பொடிமாஸ்
கத்தரியே கத்தரியைத் திட்டுது 😂

செவ்வந்தி
கத்தரி சொன்ன கடைசி வரி சரி. தலைப்புக் கதையில் அதைப் பார்க்கலாம். நாலு பேர் சமையலறை மேசையில் ஜின் குடித்தபடி காதலைப் பற்றிப் பேசுகிறார்கள். டாக்டர் மெல் (மூலத்தில் ஹெர்ப்) ஒரு வயதான தம்பதியைப் பற்றிச் சொல்கிறார். விபத்தில் உடம்பு முழுக்கக் கட்டு, கிழவருக்குத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் துக்கம். அச்சான வடிவத்தில் அது ஒரு பத்தியில் முடிந்து மெல்லின் கெட்ட வார்த்தையோடு தொங்குகிறது. மூலத்தில் அந்தக் கிழவர்களுக்குப் பெயர் உண்டு, பனியில் அடைபட்ட பண்ணை வீட்டில் ரெகார்ட் போட்டு இரண்டு பேரும் ஆடிய இரவுகள் உண்டு. கதையில் காதலுக்குக் கிடைக்கும் ஒரே நேரடிச் சாட்சி அதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாலு குடிகாரர்களின் உளறல்.

கத்தரி
அதுவேதான் கதை என்பேன். நாலு பேரும் சாட்சி கிடைக்காமல் திணறுகிறார்கள், வெளிச்சம் போகப்போக ஜின் தீர்கிறது. கிழவர்கள் கதையை முழுசாகச் சொன்னால் விடை கிடைத்துவிடும், பிறகு எதற்கு இருட்டில் உட்கார வேண்டும்? மூலத்தில் அதற்கப்புறமும் டெர்ரி அழுகிறாள், ஹெர்ப்பைப் பற்றிய பயத்தைச் சொல்கிறாள். எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்.

"இன்னும் ஒரே ஒரு விஷயம்" கதையிலும் இதே சண்டைதான். எல்.டி. என்ற குடிகாரனை மனைவி வீட்டை விட்டு அனுப்புகிறாள். வாசலில் நின்று மனைவியிடமும் மகளிடமும் இன்னும் ஒரு விஷயம் சொல்லணும் என்கிறான். மூலத்தில் சொல்கிறான்: உங்கள் இருவர் மேலும் அன்பு இருக்கிறது என்று ஒரு பேச்சே நிகழ்த்துகிறான். லிஷ் வடிவத்தில் அது என்னவென்று அவனுக்கே தோன்றவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதலாவதில் எல்.டி.யை மன்னித்துவிடுவோம். இரண்டாவதில் மன்னிக்கவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.

இரவுப்பேருந்து
சரி, "குளியல்"? அதையும் காப்பாற்றுவீர்களா?

கத்தரி
மாட்டேன். அதில் பெயர்களை எடுத்தது, பையனைப் "பிறந்தநாள் பையன்" என்றே கூப்பிடுவது, இரண்டும் நல்ல வேலை, பயம் ஏறுகிறது. ஆனால் ஒரு செயல் போய்விட்டது. கதையின் எடை அந்த ரொட்டியைச் சாப்பிடுவதில் இருந்தது. என் அளவுகோல் இதுதான்: விளக்கத்தை வெட்டலாம், உணர்ச்சிப் பெயர்களை வெட்டலாம், முன்கதையை வெட்டலாம். பாத்திரம் கடைசியில் கையால் என்ன செய்கிறது என்பதை வெட்டக் கூடாது. "வீட்டருகே இவ்வளவு தண்ணீர்" பற்றி செவ்வந்தி சொன்னதையும் இதே அளவுகோலில் ஒத்துக்கொள்கிறேன்.

நீலமை
இணைய இதழ்களில் வரும் "கார்வர் பாணி" கதைகளைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். ஒரு ஆள் டீ குடிப்பான், ஜன்னலைப் பார்ப்பான், மழை வரும், கதை முடிந்தது.

கத்தரி
அங்கே கோளாறு எங்கே என்றால், எழுதாததை வெட்டுகிறார்கள். லிஷ் வெட்டும்போது கையில் முழுக் கதை இருந்தது. எதை மறைக்கிறோம் என்று தெரிந்து மறைத்தார். அதனால் மிச்சமிருக்கும் வரிகளில் அதன் தடம் இருக்கிறது, "அவள் பக்கம்" மாதிரி. முதலிலேயே 600 சொல்லில் எழுத உட்கார்ந்தால் தடம் எங்கிருந்து வரும்?

வேலையாகச் செய்ய நினைப்பவர்களுக்கு: முதல் பிரதியை 3,000 சொல்லாவது கூச்சப்படாமல் எழுதுங்கள். மனைவி ஏன் போனாள், எப்போது போனாள், எல்லாம் இருக்கட்டும். இரண்டு வாரம் கிடப்பில் போடுங்கள். பிறகு நாலு நிறப் பென்சில்: உணர்ச்சியைப் பெயர் சொல்லும் வரி ஒரு நிறம், முன்கதை ஒரு நிறம், பாத்திரம் தன்னையே விளக்கும் வசனம் ஒரு நிறம், பொருளும் செயலும் ஒரு நிறம். முதல் மூன்றையும் எடுத்துவிட்டு நாலாவதை மட்டும் படியுங்கள். நடந்தது என்னவென்று ஊகிக்க முடிகிறதா? முடியாவிட்டால், எடுத்த வரியைத் திரும்ப ஒட்டாதீர்கள். அந்தத் தகவலைச் சுமக்க ஒரு பொருளோ விலையோ வேண்டும், அதைத் தேடுங்கள். கடைசிப் பத்தியைக் கடைசியில் தொடுங்கள். அதை மறைத்துப் படிக்கும்போது கதை இறுக்கமானால் எடுக்கலாம். கதையின் அர்த்தமே மாறினால் விட்டுவிடுங்கள்.

"என்றான், என்றாள்" விஷயத்திலும் எச்சரிக்கை. இந்தத் தொகுப்பில் அது தாளம்போல் வருகிறது, ஒவ்வொரு சின்ன வசனத்துக்கும். பேச்சு மொழியில் ஆள் அடையாளம் தெளிவாக இருக்கும் நம் கதைகளில் அதே அளவு போட்டால் காது வலிக்கும்.

நூலகத்தூண்
ஜான் கார்ட்னர், கார்வரின் ஆசிரியர், 25 சொல்லுக்குப் பதில் 15 போதும் என்பாராம். லிஷ் அந்த 15க்குப் பதில் 5 என்பாராம். கார்வரே சொல்லியிருக்கிறார். இரண்டு பேரிடமும் கற்றதாகத்தான் சொல்கிறார், ஆனால் "மினிமலிஸ்ட்" பட்டம் மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. 1983 பாரிஸ் ரிவ்யூ பேட்டியில், அந்தச் சொல்லில் பார்வையும் எழுத்தும் சிறியவை என்ற வாடை அடிக்கிறது என்று சலித்துக்கொள்கிறார்.

பொடிமாஸ்
சண்டை எல்லாம் சரி, எந்தப் புத்தகம் வாங்கறது, எந்த வரிசையில படிக்கிறது? ரெண்டு புத்தகத்துக்குக் காசு இல்லீங்க.

நூலகத்தூண்
ஒன்றே போதும். லைப்ரரி ஆஃப் அமெரிக்கா 2009இல் போட்ட முழுத் தொகுப்பில் 1981 வடிவமும் "பிகினர்ஸ்" பிரதியும் இரண்டுமே இருக்கின்றன. பதிப்பித்தவர்கள் வில்லியம் ஸ்டல், மொரீன் கரோல். விலை கூடுதல், நூலகத்தில் கிடைத்தால் உத்தமம். தனி "பிகினர்ஸ்" வாங்கினால், பின்னால் உள்ள குறிப்புகளில் ஒவ்வொரு கதைக்கும் எத்தனை சதவீதம் போனது, தலைப்பு என்னவாக மாறியது என்று இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். தலைப்பு மாறியதால் ஜோடி சேர்ப்பதில்தான் தடுமாறுவீர்கள்: "டம்மி" என்ற கதை 1981இல் "என் அப்பாவைச் சாய்த்த மூன்றாவது விஷயம்" ஆகிவிட்டது.

வரிசை: முதலில் 1981 புத்தகத்தை முழுசாக. பிறகு ஜோடியாக "ஏன் ஆடக் கூடாது?", தலைப்புக் கதை, கடைசியாகக் "குளியல்". 9, 50, 78 சதவீதம் என்று ஏறுவதால் வெட்டின் தன்மை படிப்படியாகப் புலப்படும்.

செவ்வந்தி
வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. 1981ஐ முதலில் படித்தால் அந்த மௌனம் பழகிவிடும், பிறகு மூலம் எல்லாமே வளவளவென்று தோன்றும். பாதிப் பேர் லிஷ் பக்கம் சாய்வதற்கு அதுதான் காரணம். பொடிமாஸ், நீங்கள் இரண்டையுமே படிக்காத கதை ஏதாவது மிச்சமிருந்தால், அதில் மட்டுமாவது நீண்டதை முதலில் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பொடிமாஸ்
"வீட்டருகே இவ்வளவு தண்ணீர்" இன்னும் படிக்கல அக்கா. முடிவை நீங்களே சொல்லிட்டீங்களே!

கத்தரி
இரண்டு முடிவையும் சொல்லிவிட்டார். "கெஸீபோ" எடுங்கள், அதை இங்கே யாரும் கெடுக்கவில்லை.